மவுண்ட் வெல்லிங்டனில் சுற்றிய காயில்

ஆக்லாந்து விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி மிகவும் மரியாதையான ஆள். கறிவேப்பிலையைக் குப்பைத் தொட்டியில் போடும் முன் மன்னிப்புக் கேட்டார். மாவடுவுக்கும் கேட்டார். நாலு நாள் மொட்டை மாடியில் காக்கா விரட்டிக் காயவைத்த சுண்டைக்காய் வற்றலை முகர்ந்து பார்த்துவிட்டு, அதை மட்டும் மன்னிப்புக் கேட்காமலே போட்டார். கடைசியாக ஒரு சின்ன டப்பா. திறந்தார், மூடினார், சிரித்தபடி என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அது குங்குமப்பூ. என் தங்கை வசந்திக்கு ஏழாம் மாதம். வேறு எதை மறந்தாலும் அதை மறக்காதே என்று கடிதத்தில் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாள். பாலில் கலந்து குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமாம். எங்கள் குடும்பத்திலேயே கறுப்பான ஆள் நான்தான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, சின்னவளுக்கு எப்போது பார்க்கப்போகிறீர்கள் என்று விசாரித்துப் போனதில் என் கல்யாணப் பேச்சு ஓய்ந்தது. ஆகவே சிவப்பைக் கடல் தாண்டிக் கொண்டுபோகும் வேலைக்கு என்னைவிடத் தகுந்த ஆள் இல்லை.

நான் படித்தது பத்தாவது. கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்ப் செட் பட்டறையில் இருபத்து நாலு வருடமாகக் காயில் சுற்றுகிறேன். மோட்டாருக்குள் செப்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி இறக்கும் வேலை. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். யாராவது மெதுவாகப் பேசினால் பாதி புரியும். பதில் மட்டும் வாயில் வராது. தமிழிலேயே நான் அதிகம் பேசுகிறவள் இல்லை.

அது 1998 பிப்ரவரி. ஆக்லாந்தின் ஓரத்தில், மவுண்ட் வெல்லிங்டனில், தங்கை வீடு மரத்தால் கட்டியது. நடந்தால் தரை பேசும். ஒரு பக்கம் வரிசையாக வீடுகள், மறுபக்கம் தொழிற்கூடங்கள். முதல் நாள் காலையில் காற்றில் கிரைண்டிங் வாசனை வந்தபோது கணபதியிலேயே இறங்கிவிட்டேனோ என்று நினைத்தேன். ஆனால் தெருவில் ஒரு ஆள் கிடையாது. மனிதர்களைப் பார்க்க வேண்டுமானால் மூலையில் இருக்கும் டெய்ரிக்குப் போக வேண்டும். பெயர்தான் டெய்ரி; பால், ரொட்டி, தீப்பெட்டி, செய்தித்தாள் எல்லாம் விற்கும் பெட்டிக்கடை. குஜராத்திக்காரர் நடத்தினார். நான் எதையாவது கையால் காட்டினால் போதும், இந்தியில் விலை சொல்வார். எனக்கு இந்தியும் தெரியாது. சில்லறையை உள்ளங்கையில் பரப்பி நீட்டுவேன், அவரே பொறுக்கிக்கொள்வார்.

வசந்தி என்னை வெயிலில் விடமாட்டாள்.

“அக்கா, இந்த ஊரு வெயில் பொல்லாதது. தொப்பி போட்டுட்டுப் போ. இன்னும் கறுத்துப்போவே.”

“இன்னும் கறுக்க என்னடி இருக்கு?”

“அதுக்கில்ல…” என்று சொல்லிவிட்டுக் குங்குமப்பூப் பாலைக் குடிப்பாள்.

நான் வந்த சில நாட்களில் நகரத்தின் நடுப்பகுதிக்கு மின்சாரம் கொண்டுவரும் பெரிய கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகி, அங்கே மொத்தமாக விளக்கணைந்தது. ஒரு மணி, இரண்டு மணி நேரம் அல்ல, வாரக்கணக்கில். தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர் துக்க வீட்டில் பேசுவது போலப் பேசினார். நானும் வருத்தமாகத்தான் முகத்தை வைத்துக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. இந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு விஷயமாவது நடக்கிறதே.

வசந்தியின் கணவர் கணேசன் நகரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆய்வகத் தொழில்நுட்பர். அவருடைய கல்லூரி லாரி அளவுள்ள ஒரு ஜெனரேட்டரை வாசலில் நிறுத்தி அதன் மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் காரிலிருந்து இறங்கியபோது கூடவே ஒருவர் இறங்கினார். உயரம், வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ. கானா நாட்டிலிருந்து உதவித்தொகையில் படிக்க வந்த க்வாமே. கடைசி வருடம்.

வசந்தி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என் காதில் கிசுகிசுத்தாள். “முன்னாடியே சொல்லக்கூடாதா இவரு? இந்த மாதிரி ஆளுங்களையெல்லாம் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா எனக்குப் பயமா இருக்காதா?”

எந்த மாதிரி என்று நான் கேட்கவில்லை. வாசலில் நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தபோது எங்கள் இருவர் கைகளும் டம்ளரில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவர் என்னைவிட ஒரு பங்கு வெளுப்பு.

காரின் டிக்கியில் ஒரு மோட்டார் இருந்தது. மூடியைத் திறக்கும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. கருகிய வார்னிஷ். அந்த வாசனையோடுதான் நான் இருபத்து நாலு வருடமாகச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறேன்.

கணேசன் விஷயத்தைச் சொன்னார். க்வாமே தன் கடைசி வருட வேலைக்காக ஒரு கருவி செய்திருந்தார். கிராமத்துத் தண்ணீர் பம்புகளுக்கானது. மின்சாரம் தாழ்ந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்தும், சரியானால் தானாகவே ஓட்டும். நவம்பரில் தேர்வாளர்கள் முன் அது ஓடவில்லை. இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள், வருகிற வெள்ளிக்கிழமை. அன்றும் ஓடாவிட்டால் பட்டம் இல்லை; உதவித்தொகையும் விசாவும் மாதக் கடைசியோடு சரி. வெறுங்கையோடு ஊருக்குப் போக வேண்டும். மோட்டார் எரிந்தது முந்தின நாள், ஜெனரேட்டர் மின்சாரம் தாழ்ந்தபோது. தாழ்ந்த மின்சாரத்திலிருந்து மோட்டாரைக் காக்கும் கருவி அப்போது பக்கத்து மேசையில், அட்டைப் பெட்டிக்குள், பத்திரமாக இருந்தது.

“புது மோட்டார் வாங்கக் கூடாதா மாப்பிள்ளை?”

“இதுக்குத் தகுந்த மாதிரிதான் கருவிய அளவெடுத்து செஞ்சிருக்காருங்க்கா. காயில் சுத்தற வயிண்டிங் கடைக்காரங்க எல்லாம் எரிஞ்ச ஓட்டல் மோட்டாரு, ஆபீஸ் மோட்டாருன்னு மூணு வாரத்துக்கு மூச்சு விட முடியாதுங்கறாங்க. நீங்க பாத்து ஏதாவது…”

நான் க்வாமேயைப் பார்க்காமல், மோட்டாரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

மறுநாளிலிருந்து பக்கத்து வீட்டு இராசமணி அக்காவின் கராஜ் என் பட்டறை. யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் வார்னிஷ் புகை வேண்டாம் என்று நான் தயங்கியதும் அவர் சாவியைத் தூக்கிப் போட்டார்.

“ஓம், எடுங்கோ. அங்க பழைய கட்டிலும் என்ரை மனுசன்ரை மீன் தூண்டிலும்தான் கிடக்குது. உங்களுக்கு மோட்டர் செய்யத் தெரியும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே? உங்கட தங்கச்சி, அக்கா கோயம்புத்தூரில கொம்பனியில வேலை எண்டுதான் சொன்னவ.”

கம்பெனி என்றால் மேசை, நாற்காலி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று வசந்தி விட்டிருக்கிறாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை.

கருகிய காயிலை வெட்டி எடுத்துச் சுற்றுகளை எண்ணினேன். க்வாமே கல்லூரி முடிந்து பஸ் பிடித்து வந்து எதிரில் உட்காருவார். எத்தனை சுற்று வர வேண்டும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டு நீட்டுவார். நான் எண்ணியதும் அதுவும் ஒன்றாகவே இருக்கும். அவருக்கு ஆச்சரியம். எனக்கும்தான், இத்தனை வருடம் சுற்றியதற்கு ஒரு கணக்கு இருந்திருக்கிறது. ஒரு மோட்டாருக்குள் காயில் இறங்குவதை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லையாம். புத்தகத்தில் அது ஒரு அம்புக்குறி.

கம்பியும் வார்னிஷும் கணேசன் வாங்கி வந்தார். சுற்றிய காயிலை இறுக்கிக் கட்டும் நூல் மட்டும் இல்லை. டெய்ரியில் பொட்டலம் கட்டும் பருத்தி நூல் உருண்டையைக் கையால் காட்டி வாங்கினேன். எங்கள் பட்டறையில் காயில் சுற்றுகிறவர்கள் பதினொரு பேரும் பெண்கள். ஒவ்வொருத்தி கட்டும் விதமும் வேறு. நான் இடது கைக்காரி. என் முடிச்சு இரண்டு வளையம் போட்டு இடப்பக்கம் சாயும். மோட்டார் எரிந்து திரும்பி வந்தால் முதலாளி முடிச்சைப் பார்த்தே ஆளைக் கூப்பிட்டுவிடுவார். எரியாமல் ஓடும் மோட்டாரை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பதால் என் முடிச்சு பாராட்டு வாங்கிய சரித்திரம் கிடையாது.

புதன்கிழமை ஒரு கம்பியின் கனத்தைச் சரிபார்க்க நான் கல்லூரிக்கே போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் ஏறி, கணேசன் எழுதிக்கொடுத்த சீட்டை ஓட்டுநரிடம் நீட்டினேன். ஆள் மலை போல இருந்தார், சமோவாக்காரர் என்று பிறகு தெரிந்தது. நகரத்துக்குள் போக்குவரத்து விளக்குகள் செத்திருந்ததால் பஸ் வேறு வழியில் திரும்பியது. என் நிறுத்தம் வரவேயில்லை. கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் இறங்கிய பிறகு ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார், பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி, இரண்டு தெரு என்கூடவே நடந்து வந்து கல்லூரி வாசலைக் காட்டினார். எங்கள் ஊரில் பஸ் தப்பான வழியில் போவது சகஜம். ஓட்டுநர் இறங்கிக் கூடவே நடந்து வந்து நான் பார்த்ததில்லை. நன்றிக்குப் பதிலாகப் பையிலிருந்த முறுக்கைக் கொடுத்தேன். நடந்துகொண்டே கடித்தார்.

கல்லூரியில்தான் அடுத்த செய்தி காத்திருந்தது. ஆய்வகத்துச் சுவரெல்லாம் வண்ணக் காகிதம். பொறியியலில் கறுப்பின மக்களின் பாரம்பரியத்தையும் பன்முகத்தன்மையையும் கொண்டாடும் விழாவாம், கல்லூரியில் முதல் முறையாக. ஏற்பாடு, மார்கரெட் என்ற அம்மாள். அமெரிக்காவில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். அங்கே பிப்ரவரியில் கொண்டாடுவார்களாம். மின்சாரம் போனதால் இங்கே மார்ச்சுக்குத் தள்ளிப்போய், ஜெனரேட்டர் இணைப்பு உள்ள ஒரே பெரிய கூடம் இந்த ஆய்வகம் என்பதால், இங்கேயே, வெள்ளிக்கிழமை, மதியம்.

க்வாமேயின் தேர்வும் வெள்ளிக்கிழமை மதியம், இங்கேயே.

“நான் மார்கரெட்டிடம் சொன்னேன்,” என்றார் க்வாமே. கணேசன் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். “தேர்வு ஐந்து நிமிடம்தானே, நடுவில் முடித்துக்கொள்ளலாம், நீ இல்லாமல் விழாவே இல்லை என்கிறார். உண்மைதான். இந்தத் துறையில் ஆப்பிரிக்கா என்றால் நான் ஒருவன்தான். நான் மேளம் அடிக்க வேண்டுமாம்.”

“அடிக்கத் தெரியுமா?”

“தேவாலயத்தில் பியானோ வாசிப்பேன்.”

மேளமும் தயாராக இருந்தது. குக் தீவுக்காரர்களிடம் இரவல் வாங்கியதாம், ஆப்பிரிக்க மேளம்கூட இல்லை.

சுவரில் மாட்டிய படங்களை க்வாமே ஒவ்வொன்றாகக் காட்டினார். தாடி வைத்த ஒரு கிழவரின் படத்தின் முன் நின்றுவிட்டார். அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடியவர்களின் மகன். வெளிநாடு போய் எஞ்சினியருக்குப் படித்துத் திரும்பியவருக்கு ரயிலில் கரி அள்ளிப் போடும் வேலைதான் கிடைத்தது. கரி அள்ளிக்கொண்டே, ஓடும் எஞ்சினுக்குத் தானாக எண்ணெய் ஊற்றும் கருவியைச் செய்தார். “இவரை நான் சின்ன வயதிலேயே பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்,” என்றார் க்வாமே. “மார்கரெட் நல்லவர். இந்தப் படங்களை அவர் தேடிப்பிடித்து மாட்டாவிட்டால் யார் மாட்டியிருப்பார்கள்? மேளம் மட்டும்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.”

அதற்குள் மார்கரெட் வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு மலர்ச்சியை, என்னைப் பெண் பார்க்க வந்த எவர் முகத்திலும் நான் பார்த்ததில்லை. நீங்களும் வர வேண்டும், உங்கள் உடையிலேயே வாருங்கள், உங்கள் ஊர்ப் பலகாரம் கொண்டுவர முடியுமா என்றார். நான் யார், என்ன வேலை செய்கிறேன் என்று கணேசன் சொல்ல ஆரம்பிப்பதற்குள் வடை என்று முடிவாகிவிட்டது.

எனக்கு இது புதிதல்ல. ஆயுத பூஜை அன்று எங்கள் பட்டறையில் பதினொரு பெண்களும் கோலம் போட்டு, சுண்டல் தாளித்து, மோட்டார்களுக்குப் பொட்டு வைப்போம். மோட்டார்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வது லேத்தில் வேலை செய்யும் ஆண்கள். அதுவரை அதில் ஏதும் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

அட்டைப் பெட்டிக்குள் மோட்டாரை வைத்து உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டு வார்னிஷை உலர்த்தினேன், ஊரில் செய்வது போலவே. வியாழன் சாயங்காலம் கராஜில் ஓட்டிப் பார்த்தோம். ஓடியது. க்வாமே சிரித்தபடி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். இராசமணி அக்கா மட்டும், “என்ன, உவ்வளவுதானோ சத்தம்? எங்கட பிரிட்ஜ் இதைவிடக் கத்தும்,” என்றார். சத்தம் குறைவதுதான் நல்ல வயிண்டிங்.

வெள்ளிக்கிழமை இராசமணி அக்காவின் காரில் முன் இருக்கையில் மோட்டாருக்கு பெல்ட் போட்டு உட்கார வைத்தோம். க்வாமே அதற்கு ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி மாட்டியிருந்தார், உள்ளே இருப்பது தெரியட்டும் என்று. நான் பின்னால், மடியில் வடைச் சட்டியோடு. செத்துப்போன சிக்னல் ஒவ்வொன்றிலும் எல்லாக் கார்களும் நின்று, ஒருவரையொருவர் முதலில் போகும்படி உபசரித்துக்கொண்டிருந்ததில் முக்கால் மணி நேரம் போயிற்று.

கூடத்தில் கூட்டம். க்வாமே அவசரமாகக் கருவியை இணைத்து மோட்டாரை ஓடவிட்டார். பம்ப் ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்குத் தண்ணீர் தள்ளியது. உடனே மார்கரெட் வந்து அவர் சட்டைமேல் ஒரு பூப்போட்ட அங்கியை மாட்டி, “ஐந்தே நிமிடம்” என்று மேடைக்கு அழைத்துப் போனார். ஜெனரேட்டரில் ஏதோ குறை என்று கணேசனை வாசலுக்குக் கூப்பிட்டார்கள். மோட்டார் மேசைக்குப் பக்கத்து மேசையில் வடையோடு நானும் இராசமணி அக்காவும்.

மேடையில் க்வாமே மேளத்தைத் தட்டினார். பாவம், யாரோ வீட்டுக் கதவைத் தயக்கமாகத் தட்டுவது போல இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். கல்லூரித் தலைவர் பேச எழுந்தார். எல்லோருக்கும் கதவுகள் திறந்திருக்கும் கல்லூரி என்றார்.

அந்த நேரம்தான் தேர்வாளர்கள் இருவர் கையில் காகிதத்தோடு வந்தார்கள். பெரியவர் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார், இளையவர் கடிகாரத்தைப் பார்த்தார். அதே நேரம் யாரோ மூலையில் இருந்த பெரிய டீக் கொதிகலனைப் போட்டார்கள். விளக்குகள் மங்கின. மோட்டார் நின்றது.

இளையவர் உதட்டைப் பிதுக்கினார். பெரியவர் பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்தார்.

“பிள்ளை, மோட்டர் திரும்ப எரிஞ்சுபோச்சு எண்டு கதைக்கினம்,” என்றார் இராசமணி அக்கா.

“எரியல. வாசனையே வரலையே. கரண்டு தாழ்ந்துபோச்சு, அதான் கருவி நிறுத்திடுச்சு. அதோட வேலையே அதுதான்.”

“சொல்லுங்கோவன்.”

“எனக்கு இங்கிலீசு வராதுங்க்கா. நீங்க சொல்லுங்க.”

“எனக்கு மோட்டர் வராதே.”

பெரியவரின் பேனா காகிதத்தில் இறங்கிவிட்டது. மேடையில் க்வாமே மேளத்தைக் கட்டிக்கொண்டு, தலைவருக்குப் பின்னால், எங்களையே பார்த்தபடி நின்றார். தலைவர் பேசும்போது எப்படி இறங்குவது?

நான் அத்தனை பேர் நடுவில் நடந்து போனது எப்படி என்று இப்போதும் தெரியவில்லை. மூலைக்குப் போய் டீக் கொதிகலனின் பிளக்கைப் பிடுங்கினேன். விளக்குகள் வெளிச்சமாயின. ஒரு நொடி, இரண்டு நொடி. மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது. தேர்வாளர்களைப் பார்த்தேன், பார்க்கிறார்களா என்று. பிளக்கைச் சொருகினேன். மோட்டார் நின்றது. பிடுங்கினேன். ஓடியது.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். பிளக்கை என் கையிலிருந்து வாங்கி அவரே சொருகினார், பிடுங்கினார். பிறகு இன்னும் நாலு தடவை. இளையவர் குனிந்து மோட்டாரைப் பார்த்து, அது ஓடும் ஒவ்வொரு தடவையும் கையை உயர்த்திக் காட்டினார். டீ கொதிக்கவேயில்லை. தலைவர் பேச்சை முடித்தபோது கை தட்டியவர்கள் குறைவு. பாதிப் பேர் எங்கள் பக்கம் திரும்பியிருந்தார்கள். க்வாமே மேடையிலிருந்து குதித்து வந்து, கழுத்தில் மேளத்தோடேயே எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொன்னார். கடைசியில் பெரியவர் அவர் தோளில் தட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பிறகு பெரியவர் பிளாஸ்டிக் மூடி வழியாக உள்ளே வெகுநேரம் பார்த்தார்.

“உதை ஆர் சுத்தினது எண்டு கேக்கிறார்,” என்றார் இராசமணி அக்கா, மோட்டாரைக் காட்டி.

நான் வடை மேசைக்குப் பின்னால் போய்விட்டேன். க்வாமே என்னைக் காட்டினார். பெரியவர் வந்து மேசைக்கு மேல் கையை நீட்டினார். அவர் கை குலுக்கத்தான் நீட்டினார் என்பது நான் அதில் ஒரு வடையை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் வடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாப்பிட்டார்.

மார்கரெட் போட்டோக்காரரோடு வந்தார். டீ ஏன் ஆறிக் கிடக்கிறது என்று கேட்டுவிட்டு, க்வாமேயை மேளத்தோடு நடுவில் நிறுத்தினார். என்னை அவருக்குப் பக்கத்தில், வடைத் தட்டோடு. வாழ்க்கையில் முதல் முறையாக என் நிறத்துக்காக என்னை முன்வரிசைக்கு அழைத்தார்கள். மோட்டார் மேசையைக் கொஞ்சம் தள்ளச் சொன்னார் போட்டோக்காரர். படத்துக்கு இடைஞ்சலாம்.

ஏப்ரலில் வசந்திக்குப் பெண் பிறந்தது. என் நிறம். வசந்தி குழந்தையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள், பிறகு சிரித்துவிட்டாள். மிச்சக் குங்குமப்பூவைப் பாயசத்தில் போட்டோம். பட்டம் வாங்கிய க்வாமே வந்து ஒரு கிண்ணம் சாப்பிட்டு, கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். வசந்தி அவரை வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

நான் ஊர் திரும்பிய சில மாதத்தில் கணேசன் ஒரு தபால் அனுப்பினார். கல்லூரியின் புதிய விளம்பரப் புத்தகம். வழவழப்பான அட்டையில் க்வாமே, மேளம், நான், வடை. மேலே பன்முகத்தன்மை பற்றிப் பெரிய எழுத்தில் ஏதோ. இடது ஓரத்தில், தள்ளியும் முழுதாகத் தள்ளப்படாமல், பாதி மோட்டார்.

மதிய சாப்பாட்டு நேரத்தில் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். என் பக்கத்து ஸ்டூலில் பதினைந்து வருடமாகக் காயில் சுற்றும் மல்லிகா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவள் விரல் நேராக இடது ஓரத்துக்குப் போனது.

“ஏனுங்க்கா, இந்த முடிச்சு உங்களுதாச்சே? ரெண்டு வளையம், இடப்பக்கம் சாஞ்சிருக்கு.” அதற்குப் பிறகுதான் அவள் படத்தின் நடுவுக்கு வந்தாள். “அட, நீங்களும் இருக்கீங்க.”